முதல்வர் விடைபெறும் முன் முடிக்க வேண்டியவை: பெங்களூர்த் தமிழ் அறக்கட்டளைக் கல்லூரிகளின் நிர்வாகக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைவர், செயலாளர், பொருளாளர், உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

பெங்களூரில் தமிழர் அறக்கட்டளைகள் நடத்தும் கல்லூரிகளில் முதல்வராகவும் துறைத் தலைவராகவும் அலுவலகக் கண்காணிப்பாளராகவும் இருந்து ஓய்வுபெற்ற சிலர் சேர்ந்து இந்த மடலை எழுதுகிறோம். ஒரு முதல்வர் பணி நிறைவு பெறும்போது நம் கல்லூரிகளில் விழாக் குழு அமைகிறது, மலர் வெளியாகிறது, பொன்னாடை போர்த்துகிறோம். உழைத்தவருக்கு அந்த மரியாதை வேண்டும். பொறுப்பை ஒப்படைக்க மட்டும் எந்தக் குழுவும் அமைவதில்லை. கடைசி நாள் பிற்பகலில் சார்ஜ் பட்டியலில் இரண்டு கையெழுத்து விழுகிறது, ஒரு சாவிக்கொத்து கைமாறுகிறது. பிறகு ஒரு பருவம் முழுக்கக் கல்லூரி தடுமாறுகிறது. ஒரு முதல்வர் எதை விட்டுச் சென்றார் என்பது அவர் போன பிறகு வரும் முதல் சம்பளத் தேதியிலும் முதல் தேர்வு விண்ணப்பத்திலும் தெரிந்துவிடும். அந்தப் பார்வையில்தான் கீழே உள்ளவற்றைக் கேட்கிறோம்.

முதலில் காலம். பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2018 ஒழுங்குமுறைப்படி கல்லூரி முதல்வரின் பதவிக் காலம் 5 ஆண்டு. வெளி வல்லுநர் குழு மதிப்பிட்ட பிறகு இன்னொரு முறை மட்டும் நீட்டிக்கலாம். அதாவது, ஒருவர் எந்த நாளில் இறங்குவார் என்பது அவர் ஏறிய நாளிலேயே தெரியும். அப்படியிருந்தும் நாற்காலி காலியான பிறகுதான் விளம்பரம் கொடுக்க நினைக்கிறோம். தேர்வுக் குழுவில் பல்கலைக்கழகத்தின் சார்பில் வரும் வல்லுநர்களின் பெயர்களைப் பெறுவதற்கே சில மாதங்கள் ஓடிவிடும். அதற்குள் மூத்த பேராசிரியர் ஒருவரை இன்சார்ஜ் என்று உட்கார வைக்கிறோம். அந்த ஏற்பாடு ஒரு மாதம் என்று தொடங்கி ஆண்டுக்கணக்கில் நீளுகிறது. குறை இன்சார்ஜ் முதல்வரிடம் இல்லை. நாளை மீண்டும் சக ஆசிரியராக அதே ஸ்டாஃப் ரூமுக்குத் திரும்ப வேண்டியவர், ஒழுங்கு நடவடிக்கைக் கோப்பில் எப்படிக் கையெழுத்திடுவார்? துறைக்குத் துறை வகுப்பு நேரத்தை மாற்றும் முடிவை எப்படி எடுப்பார்?

பதவிக் காலம் முடிவதற்கு 9 மாதம் முன்பே நிர்வாகக் குழுத் தீர்மானமும் பல்கலைக்கழகத்துக்கான கடிதமும் போய்விட வேண்டும். 6 மாதம் இருக்கையில் விளம்பரம், 4 மாதம் இருக்கையில் விண்ணப்பச் சரிபார்ப்பு. பிஎச்டி, 15 ஆண்டுப் பணி, 10 ஆய்வுக் கட்டுரை, 110 ஆய்வு மதிப்பெண் ஆகியவை அடிப்படைத் தகுதிகள். சரிபார்ப்பில் சிக்கல் வருவது பெரும்பாலும் இரண்டு இடத்தில்: கெஸ்ட் லெக்சரராக இருந்த ஆண்டுகளையும் சேர்த்து 15 என்று காட்டியிருப்பார்கள், கட்டுரை வெளிவந்த தேதியில் அந்த இதழ் யுஜிசி 2025-இல் கைவிட்ட இதழ்ப் பட்டியலில் இருந்ததா என்பதற்குச் சான்று இருக்காது. இரண்டையும் நேர்முகத்துக்கு முன்பே கேட்டு வாங்கிவிட்டால், பின்னால் ஒப்புதல் கோப்பு கல்லூரிக் கல்வித் துறை இணை இயக்குநர் (ஜேடி) அலுவலகத்திலிருந்து திரும்பி வராது. தேர்வானவர் வேறு கல்லூரியில் இருந்தால் மூன்று மாத முன்னறிவிப்பு கேட்கும் இடங்களும் உண்டு. அதனால் தேர்வு மூன்றரை மாதத்துக்கு முன்னால் முடிந்தால்தான் பழையவரும் புதியவரும் குறைந்தது இரண்டு வாரம் சேர்ந்து உட்கார முடியும்.

மொழிச் சிறுபான்மைக் கல்லூரிகளுக்கு இங்கே ஒரு கூடுதல் பொறுப்பு இருக்கிறது. சிறுபான்மை யார் என்பதை மாநிலத்தை அலகாக வைத்தே முடிவு செய்ய வேண்டும் என்று டி.எம்.ஏ. பை வழக்கில் 2002-இல் உச்ச நீதிமன்றத்தின் 11 நீதிபதிகள் கொண்ட அமர்வு சொன்னது. அதன்படி கர்நாடகத் தமிழர் மொழிச் சிறுபான்மையினர். சிறுபான்மையினர் கல்வி நிறுவனங்களைத் தொடங்கி நடத்த அரசியலமைப்பின் 30(1) பிரிவு தரும் உரிமை நமக்கும் உண்டு. முதல்வரைத் தேர்ந்தெடுப்பது நிர்வாக உரிமையின் மிக முக்கியமான கூறு என்பதை மலங்கரா சிரியன் கத்தோலிக்கக் கல்லூரி வழக்கில் 2006 நவம்பரில் வந்த தீர்ப்பு உறுதி செய்தது. 2004-ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த தேசியச் சிறுபான்மைக் கல்வி நிறுவன ஆணையம் மதச் சிறுபான்மையினருக்கு மட்டுமே. நமக்கான சான்று மாநில அரசிடமிருந்து வருகிறது. அந்தச் சான்றின் அசல், அது எந்தப் படிப்புகளுக்குச் செல்லும், எதுவரை செல்லும் என்ற விவரம் முதல்வரின் ஒப்படைப்புக் கோப்பில் முதல் தாளாக இருக்க வேண்டும். சேர்க்கைக் காலத்தில் அந்தத் தாளைத் தேடி அலமாரிகளைக் கவிழ்க்கும் நிலை எந்தக் கல்லூரிக்கும் வரக் கூடாது.

இனி கையெழுத்துகளும் லாகின்களும். இன்று ஒரு கல்லூரியை நிறுத்திவிட ஒரே ஒரு செல்போன் எண் போதும், ஓடிபி அந்த எண்ணுக்குத்தான் வருகிறது. சேர்க்கைக்கும் தேர்வுக்குமான மாநில யுயுசிஎம்எஸ் தளத்தில் முதல்வர் லாகின், ஐஷே என்ற அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின் நோடல் அலுவலர் லாகின், கல்லூரிகளைத் தரமதிப்பிடும் நாக் (NAAC) தளம், பிஎஃப் தளம், டிடிஎஸ் கணக்கு, மத்திய மானியங்களுக்கான பிஎஃப்எம்எஸ், மாநில, தேசிய உதவித்தொகைத் தளங்கள், சம்பளத்துக்கும் பணி விவரத்துக்குமான எச்ஆர்எம்எஸ், கல்லூரியின் மின்னஞ்சல் நிர்வாகக் கணக்கு: இவற்றில் எத்தனை, விடைபெறுபவரின் சொந்த எண்ணிலும் சொந்த மின்னஞ்சலிலும் பதிவாகியிருக்கின்றன என்று இன்றே ஒரு பட்டியல் எடுங்கள். கல்லூரி பெயரில் இரண்டு சிம் வாங்கி, ஒன்றைக் கண்காணிப்பாளரிடமும் ஒன்றைத் துணை முதல்வரிடமும் வைத்து, எல்லாவற்றையும் principal என்ற பதவிப் பெயரில் அமைந்த மின்னஞ்சலுக்கு மாற்றிவிடலாம். இதற்கு இரண்டு மாதமாவது பிடிக்கும், ஏனென்றால் சில தளங்களில் எண்ணை மாற்ற பல்கலைக்கழகமோ துறையோ ஒப்புதல் தர வேண்டும்.

தேசிய உதவித்தொகைத் தளத்தைத் தனியாகக் குறிப்பிட வேண்டும். அங்கே நிறுவனத் தலைவருக்கும் நோடல் அலுவலருக்கும் ஆதார் வழிப் பயோமெட்ரிக் சரிபார்ப்பு உண்டு. விண்ணப்பங்களைச் சரிபார்க்கும் வாரங்களில் முதல்வர் மாறினால், புதியவரின் பதிவு முடியும்வரை மாணவர் விண்ணப்பங்கள் அப்படியே நிற்கும். கடைசித் தேதி தாண்டிவிட்டால் அந்த ஆண்டின் பணம் அந்தப் பிள்ளைக்குக் கிடைக்காது. பதவிக் காலம் அந்த வாரங்களில் முடிகிறது என்றால், சரிபார்ப்பை முன்கூட்டியே முடித்துவிட்டுப் போகும்படி முதல்வரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் தனி மனிதருக்கு வழங்கப்படுவது. அதைக் கண்காணிப்பாளரின் மேசை இழுப்பறையில் விட்டுவிட்டுப் போவது சட்டப்படி தவறு, ஆபத்தும்கூட. விடைபெறுபவரின் சான்றை ரத்து செய்து, புதியவருக்கு வாங்கி, பிஎஃப் தளத்தில் அதிகாரம் பெற்ற கையெழுத்தாளராக அவரைச் சேர்க்க வேண்டும். டிடிஎஸ் கட்ட அடுத்த மாதம் 7-ஆம் தேதி, பிஎஃப், இஎஸ்ஐ கட்ட 15-ஆம் தேதி என்பதால், மாத இறுதியில் முதல்வர் மாறும்போது கையில் இருப்பது ஒரு வாரம்தான். வங்கியில் கையெழுத்து மாற்றவும் தீர்மான நகல், கேஒய்சி, மாதிரிக் கையெழுத்து என்று இரண்டு மூன்று வாரம் ஓடும். இந்த இடைவெளியைச் சமாளிக்க வெற்றுக் காசோலைகளிலும் டிசி புத்தகத்திலும் முன்கூட்டியே கையெழுத்து வாங்கி வைக்கும் பழக்கம் சில அலுவலகங்களில் இருக்கிறது. அதை அறவே நிறுத்த வேண்டும். பதவி முடிந்த பின் தேதியிட்ட ஒரு டிசி நீதிமன்றம்வரை போகும். ‘இன்ன தேதி முதல்’ என்று குறிப்பிட்டு ஒரு மாதம் முன்பே தீர்மானம் போட்டு வங்கிக்குக் கொடுத்தால் போதும். கட்டணக் கணக்கு, தேர்வுக் கணக்கு, என்எஸ்எஸ் கணக்கு, உதவித்தொகைக் கணக்கு, மானியக் கணக்கு என எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே தீர்மானத்தில் எழுதுங்கள். விட்டுப்போகும் ஒரு சின்னக் கணக்குதான் பின்னால் தணிக்கையில் தலைவலி தரும்.

கல்லூரி இணையதளத்தின் முகவரியையும் மறக்க வேண்டாம். ஏசி.இன், ஈடியு.இன் முகவரிகள் எர்நெட் என்ற மத்திய அரசு அமைப்பின் வழியாகத்தான் பதிவாகின்றன. அதைப் புதுப்பிக்கும் நினைவூட்டல் பழைய முதல்வரின் மின்னஞ்சலுக்குப் போய், யாரும் பார்க்காமல் காலாவதியானால், நாக் ஆண்டறிக்கையில் கொடுத்த சான்று இணைப்புகள் ஒன்றுகூடத் திறக்காது. ஐந்து ஆண்டு உழைப்பு அந்த இணைப்புகளில் இருக்கிறது.

மானியங்கள் பற்றிச் சுருக்கமாக. மத்திய மானியம் எதுவாக இருந்தாலும், நிதியாண்டு முடிந்த 12 மாதத்துக்குள் பயன்பாட்டுச் சான்று போக வேண்டும் என்று 2017 பொது நிதி விதிகள் சொல்கின்றன. கணக்கில் கிடந்து சேர்ந்த வட்டியும் அரசுக்குத் திரும்ப வேண்டும். வாங்கியவர் கணக்கை முடித்துவிட்டுப் போவதே முறை. பத்தாண்டு கழித்து வருபவரால் பில்களைத் தேடிப் பிடிக்க முடியாது.

அறக்கொடைப் பரிசுகளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டும். நம் கல்லூரிகளுக்கே உரிய சொத்து அது. 1873-இல் ஆற்காடு நாராயணசாமி முதலியார் கன்டோன்மென்ட் பகுதியில் தொடங்கிய கல்விப் பணி இன்றுவரை நடக்கிறது என்றால், கொடுத்தவரின் நோக்கம் தாளில் எழுதப்பட்டு, அந்தத் தாள் பத்திரமாகக் கைமாறி வந்ததும் ஒரு காரணம். அல்சூரிலும் சிவாஜிநகரிலும் ஸ்ரீராமபுரத்திலும் இருந்து வந்து, பெற்றோர் பெயரில் பத்தாயிரமோ இருபதாயிரமோ கொடுத்து, ‘தமிழில் முதல் மதிப்பெண் எடுக்கும் பிள்ளைக்கு’ என்று சொல்லிவிட்டுப் போனவர்கள் பலர். அந்தக் கடிதம் எங்கே, வைப்புநிதி எந்த வங்கியில், யார் பெயரில்? வைப்புநிதி முதல்வரின் தனிப் பெயரோடு திறக்கப்பட்டிருந்தால் அவர் போன பிறகு புதுப்பிக்கவும் முடியாது, மூடவும் முடியாது. முதிர்ந்து 10 ஆண்டு யாரும் கேட்காத தொகையை வங்கி, ரிசர்வ் வங்கியின் வைப்பாளர் கல்வி விழிப்புணர்வு நிதிக்கு மாற்றிவிடும். உரிய தாள்களைக் காட்டினால் வங்கி வழியாகத் திரும்பப் பெறலாம், ஆனால் அந்தத் தாள்களே இல்லாதபோது என்ன செய்ய?

வட்டியும் குறைந்துவிட்டது. 12 சதவீத வட்டி கிடைத்த காலத்தில் 10,000 ரூபாய் ஆண்டுக்கு 1,200 தந்தது. 7 சதவீதத்தில் 700 ரூபாய்தான். பதக்கம் புத்தகமாகி, புத்தகம் சான்றிதழாகி, பிறகு பரிசே நின்றுபோகிறது. விடைபெறும் முதல்வர் ஒவ்வோர் அறக்கொடைக்கும் ஒரு வரி எழுத வேண்டும்: கொடுத்தவர், நோக்கம், அசல் தொகை, வங்கி, முதிர்வு நாள், கடைசியாகப் பரிசு வழங்கிய ஆண்டு, தொடர்பில் இருக்கும் உறவினர். வட்டி போதாத அறக்கொடைகளுக்கு அந்தக் குடும்பத்திடமே கேட்டு அசலை உயர்த்தலாம், அல்லது அவர்கள் எழுத்து மூலம் சம்மதித்தால் ஒரே நோக்கமுள்ள இரண்டைச் சேர்க்கலாம். குடும்பங்களை நேரில் அறிந்த முதல்வர் இருக்கும்போதே இதைச் செய்ய வேண்டும். புதியவர் போன் செய்தால் யாரென்று கேட்பார்கள்.

தமிழ்த் துறை. இதை எழுதும்போது எங்களுக்குக் கவலை அதிகம். ஒரு மொழித் துறை மூடப்படுவது பெரும்பாலும் எந்தத் தீர்மானத்தாலும் நடப்பதில்லை; டைம்டேபிளில் நடக்கிறது. யுஜிசி விதிப்படி உதவிப் பேராசிரியருக்கு வாரம் 16 மணி நேரப் பாடவேளை வேண்டும். ஒரு வகுப்புக்கு வாரம் 4 மணி நேரம் என்று வைத்துக்கொண்டால், பிஏ, பிகாம் என்று இரண்டு பிரிவுகள், முதலாண்டும் இரண்டாமாண்டும் சேர்த்து நான்கு வகுப்புகள் இருந்தால் 16 கிடைக்கும். எண்ணிக்கை குறைவு என்று பிஏ, பிகாம் வகுப்புகளை ஒன்றாக்கினால் அது 8 ஆகிவிடும். அதற்குப் பின் அந்தப் பணியிடம் நிரந்தரம் இல்லை, கெஸ்ட் லெக்சரர் போதும் என்பார்கள். அவரும் போனதும் அடுத்த ஆண்டு விண்ணப்பப் படிவத்தில் மொழித் தேர்வுக் கட்டத்தில் தமிழ் இருக்காது.

எண்ணிக்கை ஏன் குறைகிறது? தமிழ் வகுப்பைக் கடைசி மணி நேரத்தில் போடுகிறார்கள், வேலைக்குப் போகும் பிள்ளைகள் வேறு மொழிக்கு மாறுகிறார்கள். சேர்க்கை மேசையில் இருப்பவர் தமிழும் உண்டு என்று சொல்வதில்லை. பியுசியில் (பிளஸ் டூ நிலை) வேறு மொழி படித்தவர் தமிழ் எடுக்கலாமா என்ற கேள்விக்கு எழுத்தில் பதில் இல்லை. இவை மூன்றையும் சரி செய்வது முதல்வரின் கையில் இருக்கிறது. எல்லா மொழி வகுப்புகளும் ஒரே பாடவேளையில், முற்பகலில் நடக்க வேண்டும். சேர்க்கைக் குழுவில் தமிழாசிரியர் ஒருவர் உட்கார வேண்டும். விடைபெறும் முதல்வர் கடந்த ஐந்தாண்டில் தமிழ் எடுத்தவர் எண்ணிக்கை, பணியிடத்தின் நிலை, ஓய்வு பெறப்போகும் ஆசிரியரின் தேதி ஆகிய மூன்றையும் ஒரே தாளில் எழுதிப் புதியவரிடம் கொடுக்கட்டும். ஓய்வுத் தேதிக்கு ஓராண்டு முன்னால் பணியிடத்தை நிரப்பக் கோப்பு போகாவிட்டால் அந்த இடம் திரும்பாது. தமிழ் படிக்காத ஒருவர் முதல்வராக வரக்கூடும். அவர் நல்ல முதல்வராகவும் இருக்கக்கூடும். அவருக்கு இந்தத் தாள் இன்னும் அதிகம் தேவை.

பாடத்திட்டம் மாறியதால் வந்த குழப்பமும் ஒப்படைப்பில் இடம்பெற வேண்டும். கர்நாடகத்தில் 2021-22 முதல் தேசியக் கல்விக் கொள்கைப்படி நான்காண்டு அமைப்பு வந்தது. 2024-25 சேர்க்கையிலிருந்து மீண்டும் மூன்றாண்டுப் பட்டம். இடையில் சேர்ந்தவர்களில் அரியர் வைத்திருப்பவர்கள் எந்தத் திட்டத்தில், எந்தத் தாளை எழுத வேண்டும் என்பது ஒரு எஸ்டிஏவின் (இரண்டாம் நிலை எழுத்தர்) நினைவில் மட்டும் இருந்தால் போதாது. சேர்ந்த ஆண்டு வாரியாக, பாக்கி உள்ள தாள்களின் பட்டியலை அச்சிட்டு ஒப்படைக்க வேண்டும். உள்மதிப்பீட்டு மதிப்பெண் ஏற்றாமல் விட்டவர்களின் பட்டியலும் அதோடு இருக்கட்டும்.

பாலியல் துன்புறுத்தல் புகார்களை விசாரிக்கும் உள்ளகக் குழு விஷயத்தில் ஒப்படைப்பு வேறு மாதிரி இருக்க வேண்டும். 2013 சட்டத்தின் 16-ஆம் பிரிவு ரகசியம் காக்கச் சொல்கிறது. புகார் கொடுத்தவரின் பெயரோ விவரமோ சார்ஜ் பட்டியலில் வரக் கூடாது. விசாரணைக்கு 90 நாள், அறிக்கை வந்த பின் நடவடிக்கைக்கு 60 நாள் என்று அந்தச் சட்டம் தரும் கெடுவில் எத்தனை கோப்புகள் எங்கே நிற்கின்றன என்ற எண்ணும் தேதியும் போதும். மற்றதைக் குழுத் தலைவி புதிய முதல்வரிடம் நேரில் சொல்வார். குழுவின் மூன்றாண்டுக் காலம் எப்போது முடிகிறது என்பதையும் பாருங்கள். காலாவதியான குழு விசாரித்த புகாரில் நீதி கிடைப்பது கடினம்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது கோப்பில் இல்லாதவை. ஒரு முதல்வர் ஐந்தாண்டில் வாய்மொழியாகக் கொடுக்கும் உறுதிகள் ஏராளம்: ஒரு மாணவியின் கட்டணத்தை நான்கு தவணையாக்கியது, பிஎச்டி செய்யும் ஆசிரியருக்கு வாரம் ஒரு நாள் விட்டுக்கொடுத்தது, கேன்டீன்காரருக்கு இன்னோர் ஆண்டு என்று சொன்னது, பின்கேட்டை மாலை ஆறுக்குப் பூட்டுவதாக அக்கம்பக்கத்தாரிடம் ஒப்புக்கொண்டது. புதியவருக்கு இவை தெரியாது. அவர் விதிப்படி நடந்தால் சொன்ன சொல் தவறியதாகப் பேச்சு வரும். ஆகவே யாருக்கு, என்ன, எப்போது, எதுவரை என்று நான்கு பத்தியில் ஓர் அட்டவணை வேண்டும். அதோடு பத்துப் பக்கத்துக்கு மிகாத ஒரு குறிப்பு: நிலுவை வழக்குகளின் எண், அடுத்த வாய்தா, வக்கீல், முயன்று நடக்காதவை, ஏன் நடக்கவில்லை, எந்த முடிவைத் தள்ளிப்போட்டேன், எதற்காக. ஆட்களைப் பற்றிய அபிப்பிராயம் அதில் வேண்டாம். ஒருவரைப் பற்றிப் பழையவர் வைத்த அபிப்பிராயம் புதியவரின் முதல் நாளிலேயே அவருக்குத் தீர்ப்பாகிவிடும்.

சாதனைப் பட்டியலுக்குப் பதில் ஓர் அட்டவணை கேட்டு வாங்குங்கள் என்றும் சொல்வோம். அவர் காலத்தில் ஒவ்வோர் ஆண்டும் சேர்ந்தவர் எத்தனை, ஆறாம் பருவம் முடித்தவர் எத்தனை, இடையில் நின்றவர் எந்தப் பருவத்தில் நின்றார்கள், நிரந்தரப் பணியிடத்தில் நிரம்பியவை எத்தனை. கட்டடத் திறப்புக் கல்வெட்டை விட இந்த ஒரு தாள் அடுத்தவருக்கு உதவும். எண்கள் சாதகமாக இல்லாவிட்டாலும் வெளியிடும் முதல்வரை நாங்கள் மதிப்போம்.

கடைசி ஆறு மாதத்தில் ஓராண்டுக்கு மேற்பட்ட ஒப்பந்தம், புதிய படிப்புக்கான விண்ணப்பம், நிரந்தர நியமனம் ஆகியவை வேண்டாம் என்று தீர்மானம் போடுங்கள். அதே ஆறு மாதத்தில் அவர் முடித்தே தீர வேண்டியவையும் உண்டு. பணி மேம்பாட்டுத் திட்டத்தின் (சிஏஎஸ்) கீழ் ஆசிரியர்களின் பதவி உயர்வு விண்ணப்பங்கள், பணிப் பதிவேட்டில் விடுப்புக் கணக்கு, பாதியில் நிற்கும் விசாரணைகள். அந்த ஆசிரியரின் வேலையைப் பார்த்தவர் அவர்தான். மதிப்பீட்டில் கையெழுத்திட வேண்டியவரும் அவரே.

போன பிறகு? வளாகத்தில் ஆலோசகர் அறை ஒதுக்காதீர்கள். இரண்டு ஆண்டுக்காவது நிர்வாகக் குழுவில் இடம் தராமல் இருப்பது புதியவருக்கு நல்லது. முதல் மூன்று மாதம் புதியவர் எழுதிக் கேட்கும் கேள்விகளுக்கு மட்டும் பழையவர் பதில் சொன்னால் போதும். ஆசிரியர்கள் பழையவரைத் தேடிப் போய்க் குறை சொல்வார்கள், அன்பினால்தான் போவார்கள். ‘இப்போதைய முதல்வரிடம் பேசுங்கள்’ என்று அவர் சொல்வதைத்தான் நாங்கள் எதிர்பார்க்கிறோம்.

நிர்வாகத்தின் கடமை ஒன்று மிச்சம் இருக்கிறது. தனியார் கல்லூரி ஆசிரியருக்கும் கிராஜுவிட்டி (பணிக்கொடை) உண்டு. கிராஜுவிட்டிச் சட்டத்தின் 2009 திருத்தம் அதை 1997 ஏப்ரல் 3 முதல் நடைமுறைப்படுத்தியது, உச்ச நீதிமன்றம் 2022-இல் உறுதி செய்தது. சட்டப்படி கணக்கில் வரும் கடைசி மாத ஊதியத்தை 26-ஆல் வகுத்து, 15-ஆலும் பணி ஆண்டுகளாலும் பெருக்கினால் தொகை வரும். அதை 30 நாளுக்குள் தர வேண்டும். நோ டியூ சான்றுக்காக நூலகத்துக்கும் ஆய்வகத்துக்கும் ஒரு முதல்வரை அலைய விடாமல், விடைபெறும் நாளிலேயே கணக்கை முடித்துக் கொடுக்கலாம்.

அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்தின் அஜெண்டாவில் ‘முதல்வர் பொறுப்பு ஒப்படைப்பு நடைமுறை’ என்று ஒரு பொருளைச் சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறோம். ஒப்படைப்புக் குழுவில் செயலாளர், துணை முதல்வர், கண்காணிப்பாளர், தமிழ்த் துறையிலிருந்து ஒருவர், தணிக்கையாளர் என ஐந்து பேர் போதும். 12 மாதத்துக்குள் முதல்வர் மாறப்போகும் கல்லூரிகள் கூட்டத்துக்குக் காத்திராமல் உறுப்பினர்களிடம் சுற்றுக்கு அனுப்பிக் கையெழுத்து வாங்கும் சுற்றுத் தீர்மானமாகவே இதை எடுக்கலாம். அட்டவணைகளுக்கான மாதிரிப் படிவங்கள் வேண்டுமென்றால், தமிழிலும் கன்னடத்திலும் எழுதித் தர நாங்கள் தயாராக இருக்கிறோம்.

இப்படிக்கு,
பெங்களூர்த் தமிழ் அறக்கட்டளைக் கல்லூரிகளில் பணியாற்றி ஓய்வுபெற்ற முதல்வர்கள், ஆசிரியர்கள், அலுவலகக் கண்காணிப்பாளர்கள்